பத்து நொடிக்குள் அடைத்த வருடம்

முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் வயர் எங்கோ விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். குக்கர் விசில் பாதியில் சிக்கிக்கொண்டு, அடங்கவும் முடியாமல் முழுசாக வரவும் முடியாமல் கத்திக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம், பாட்டு முழுக்க. 2008-ல், கல்லூரி விடுதியில், பக்கத்து அறை அண்ணன் பென் டிரைவிலிருந்து ஒரு ஃபோல்டரை என் கணினியில் போட்டுவிட்டு, "பொறுமையா கேளுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபோல்டரின் பெயர் வெறும் '88'. அதில் நான் முதலில் திறந்தது அமெரிக்க ஹிப் ஹாப் குழுவான பப்ளிக் எனிமியின் 'ரெபல் விதவுட் எ பாஸ்'. மூன்று முறை அணைத்தேன். நான்காவது முறை அணைக்கவில்லை.

அது வயர் கோளாறும் இல்லை, விசிலும் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக் குழுவான த ஜேபீஸ் 1970-ல் வெளியிட்ட 'த கிரண்ட்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு சாக்ஸஃபோன் வீறிடும். அந்த ஒரு வீறலை மட்டும் கத்தரித்து எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். மூலப் பாட்டில் அது ஒரு கணம் வந்து போகிற உற்சாகக் கூச்சல். இங்கே அது நிற்கவே நிற்காத அபாயச் சங்காகிவிட்டது. ஒரே சத்தம்தான், ஆனால் எடுத்த இடத்தில் ஒரு பொருள், வைத்த இடத்தில் வேறொரு பொருள். இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது நான் பிழைப்பதே ஆடியோ எடிட்டிங்கில்தான், அதற்கு வித்து போட்டது அந்த ஃபோல்டர்.

ஹிப் ஹாப்பின் பொற்காலம் என்று பொதுவாகச் சொல்வது 80-களின் நடுவிலிருந்து 90-களின் முதல் சில வருடங்கள் வரை. எந்த வருடம் உச்சம் என்பதில் சண்டை ஓயாது. 1994-க்காக வாதாடுகிறவர்கள் நிறைய, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கட்சி 1988. அந்த ஜூன், ஜூலை இரண்டே மாதத்தில் வந்ததைப் பாருங்கள்: ஈபிஎம்டியின் முதல் ஆல்பம், பிக் டாடி கேனின் முதல் ஆல்பம், பப்ளிக் எனிமியின் 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்', எரிக் பி–ரக்கீம் ஜோடியின் 'ஃபாலோ த லீடர்'. அதே வருடம்தான் ஸ்லிக் ரிக்கின் முதல் ஆல்பமும், எம்சி லைட்டின் முதல் ஆல்பமும், ஜங்கிள் பிரதர்ஸும், அல்ட்ராமேக்னடிக் எம்சீஸும். ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. ஸ்லிக் ரிக் குழந்தைகளுக்குத் தூங்கப்போகும் நேரத்தில் கதை சொல்கிற குரலில் ஒரு திருட்டுப் பையனின் சாவைச் சொல்கிறார். ஈபிஎம்டி அவசரமே படாமல், வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுகிற மாதிரி. பப்ளிக் எனிமி தீப்பிடித்த வீட்டிலிருந்து கத்துகிற மாதிரி.

ஆனால் பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் நான் 1988 கட்சி இல்லை. அது காது கூர்மையான கேட்பவர்களின் வருடம். பெரும்பாலும் வாத்தியம் முறையாகக் கற்காதவர்கள், வீட்டில் பெரியவர்கள் வாங்கிவைத்த பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அதற்குள்ளிருந்தே ஒரு புது இசையைத் தோண்டி எடுத்த வருடம்.

இதன் வேர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11, 1520 செட்ஜ்விக் அவென்யூ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். ஜமைக்காவிலிருந்து வந்த பதினெட்டு வயது கூல் ஹெர்க், தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில் தட்டு ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் அவர் கவனித்தது ஒன்றுதான்: பாட்டு ஓடும்போது சும்மா நிற்கிறவர்கள், மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில நொடிகளில்தான் பாய்ந்து வந்து ஆடுகிறார்கள். அதைத்தான் பிரேக் என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் தனி ஆவர்த்தனம். நம் சபாக்களில் தனி தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போவார்கள், பிராங்ஸில் தனிக்காகவே காத்துக் கிடந்தார்கள். சரி, அவர்களுக்கு வேண்டியது அதுதான் என்றால் அதையே நீட்டினால் என்ன என்று ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, இங்கே பிரேக் முடியும்போது அங்கே பிரேக்கைத் தொடங்கினார். ஐந்து நொடித் தனி ஐந்து நிமிடம் ஓடியது.

கையால் செய்த அந்த வேலையை இயந்திரத்துக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் மார்லி மார்ல். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புக்காரர். அவர் பலமுறை சொல்லியிருக்கும் கதை: ஒரு பழைய பாட்டிலிருந்து குரலை மட்டும் சாம்ப்ளரில், அதாவது ஒலித்துண்டைப் பிடித்துவைக்கும் இயந்திரத்தில், பிடிக்கப் பார்க்கிறார், தவறுதலாகக் கூடவே ஒரு ஸ்னேர் டிரம் அடியும் உள்ளே வந்துவிடுகிறது. அழிக்கப் போனவர், விசையைத் தட்டிப் பார்க்கிறார். டிரம் மெஷினின் பிளாஸ்டிக் சத்தம் இல்லை அது. ஒரு நிஜ மனிதர், ஒரு நிஜ அறையில், நிஜத் தோலில் அடித்த அடி, அறையின் காற்றோடு சேர்ந்து வந்திருக்கிறது. அப்படியானால் எந்தத் தட்டிலிருந்தும் எந்த டிரம்மரின் அடியையும் எடுத்துத் தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாமே! எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த உணர்வு தெரியும், குப்பை என்று நகர்த்திய துண்டு திடீரென்று ஜீவனாகி நிற்கும். 1988-ல் கோல்ட் சில்லின் நிறுவனத்தில் வந்த பல தட்டுகளில் ஓடுவது அவருடைய டிரம்ஸ்தான். அந்த வருடத்து 'த சிம்ஃபனி'யில் ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஹார்ட் டு ஹேண்டில்' பியானோவை வைத்து, நான்கு பேரை வரிசையாகப் பாடவிட்டிருக்கிறார். பிக் டாடி கேன் கடைசியில் வருவார், அதுவரை கேட்டது மறந்துபோகும்.

அப்புறம் அந்தப் பெட்டி. இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 சாம்ப்ளர், 1987-ல் வந்தது. மொத்தமாகப் பிடித்துவைக்கக்கூடிய ஒலி பத்து நொடிதான், அதுவும் இரண்டரை இரண்டரை நொடியாக நான்கு அறைகளில். இப்போது என் போனில் பத்து நொடி என்பது ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜுக்குக்கூடக் காணாது. அந்தப் பத்து நொடிக்குள் ஒரு பாட்டின் டிரம்ஸ், பேஸ், ஹார்ன் எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45-ல் ஓடவிடு, துண்டு சின்னதாகிவிடும், அப்படியே பிடித்துக்கொள், உள்ளே போனபிறகு ஸ்ருதியை இறக்கு, பழைய வேகத்துக்கு வந்துவிடும். இடம் மிச்சம். ஆனால் சத்தத்தில் ஒரு சொரசொரப்பு ஏறிவிடும், மணல் கலந்த மாதிரி. அந்தப் பெட்டியே ஒலியைக் குறைந்த நுணுக்கத்தில் பதியும் 12 பிட் என்பதால் ஏற்கெனவே கொஞ்சம் மணல்தான். இன்று அந்தச் சொரசொரப்பை வரவைக்கத் தனியாக மென்பொருள் காசு கொடுத்து வாங்குகிறோம். அன்று அது இடப் பற்றாக்குறையின் தழும்பு.

பப்ளிக் எனிமியின் பின்னால் இருந்த பாம் ஸ்குவாட் குழு, அதாவது ஹேங்க் ஷாக்லி, கீத் ஷாக்லி, எரிக் சாட்லர், கூடவே பப்ளிக் எனிமியின் ராப்பர் சக் டி, இந்தத் தழும்பையே ஆயுதமாக்கியவர்கள். மற்றவர்கள் ஒரு லூப்பை, அதாவது சுழலவிடும் துண்டை, தேடிப்பிடித்து ஓடவிட்டபோது இவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துத் துண்டுகளை ஏற்றினார்கள், ஸ்ருதி சேராவிட்டாலும் சரி, சேராததுதான் வேண்டும் என்று. 'ரெபல்' பாட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், ஹேங்க் ஷாக்லி பின்னாளில் சொன்னது: அதில் டிரம்ஸ் துண்டை இயந்திரத்தில் சுழலவிடவில்லை, பப்ளிக் எனிமியின் இன்னொரு குரலான ஃப்ளேவர் ஃப்ளேவ் பாட்டு முடியும்வரை ஐந்து நிமிடமும் கையாலேயே தட்டிக்கொண்டிருந்தாராம். படத்தில் கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கோமாளித்தனம் செய்கிற அதே ஆள். தெரிந்தபிறகு கேட்டுப் பாருங்கள், அடிகளுக்கு நடுவே ஒரு மூச்சு இருக்கும், கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி.

அந்தப் பாட்டு 1987-லேயே தனியாக வந்துவிட்டது, ஆல்பம்தான் 88. ஆல்பத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு, பக்கத்துக்கு அரை மணி என்று கணக்குப் பார்த்துச் செய்தார்கள். காரணம் கேசட். ஒரு பக்கம் முடிந்தபிறகு வெறும் நாடா ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, திருப்பிப் போட்டதும் அடுத்த நொடியே இடி இறங்க வேண்டும். கேசட் காலத்துப் பிள்ளையான எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது. கேட்கிறவன் கை எங்கே போகும், எப்போது திருப்பிப் போடுவான் என்றெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த வருடம் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், எல்லா இசை வகைகளையும் தாண்டி இந்த ஆல்பம்தான் முதலிடம்.

சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரக்கீம் சாக்ஸஃபோன் வாசித்து வளர்ந்தவர், ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுக் கேட்டு அந்த மூச்சைச் சொல்லுக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு முன்னால் பெரும்பாலும் வரியின் கடைசியில் இயைபு விழும், விழுந்ததும் ஒரு நிறுத்தம். ரக்கீம் வரியின் நடுவில், அடுத்த வரியின் தொடக்கத்தில், எதிர்பாராத இடத்திலெல்லாம் ஒலியை மாட்டிவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். எதுகையும் மோனையும் காதில் ஊறிய நமக்கு, ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் இந்த வித்தை பிடிபட்டுவிடும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

எம்சி லைட் புருக்ளின் பெண், 'லைட் அஸ் எ ராக்' வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. ஒரு பெண் ராப்பர் தனியாளாக வெளியிட்ட முதல் முழு ஆல்பங்களில் ஒன்று அது. அதில் சாம் என்ற பையனைப் பற்றி ஒரு பாட்டு. இவள் அவனை நம்புகிறாள், அவன் காசு கேட்கிறான், கொடுக்கிறாள். அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று ஊர் சொல்கிறது. இவள் பொறாமையில் வேகிறாள், யார் அவள், என்னைவிட அழகா என்று. கடைசியில்தான் தெரிகிறது, அந்த 'அவள்' ஒரு பெண்ணே இல்லை, கிராக். கொக்கெயினைக் காய்ச்சிக் கட்டியாக்கி, சின்னச் சின்னக் குப்பியில் சில டாலருக்கு விற்ற அந்தப் போதை, அந்த வருடங்களில் நியூயார்க்கின் கறுப்பின, லத்தீனோ தெருக்களை உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தது. அதைப் புள்ளிவிவரமாகச் சொல்லாமல், காதலில் ஏமாந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் குழப்பமாகச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் இவள் என் மனதில் பெரிய ஆளாகிவிட்டாள். பப்ளிக் எனிமிகூடத் தங்கள் 88 ஆல்பத்தில் கிராக்கைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள், அது பிரசங்கம். நல்ல பிரசங்கம்தான், ஆனால் சாம் பாட்டு என்னோடு தங்கிவிட்டது.

ராப்பர் கேஆர்எஸ்-ஒன் வீடில்லாதவர்களுக்கான காப்பகத்தில் இருந்தபோது, அங்கே ஆலோசகராக வேலை பார்த்தவர் ஸ்காட் லா ராக். இருவரும் சேர்ந்து பூகி டவுன் புரொடக்ஷன்ஸ் தொடங்கினார்கள். 1987 ஆகஸ்டில், ஒரு சண்டையைச் சமாதானம் செய்யப் போன இடத்தில் ஸ்காட் சுட்டுக்கொல்லப்பட்டார். 88-ல் வந்த அடுத்த ஆல்பத்தின் அட்டையில் கேஆர்எஸ்-ஒன், ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் புகழ்பெற்ற படத்தைப் போலவே துப்பாக்கியோடு நிற்கிறார். உள்ளே வன்முறையை நிறுத்தச் சொல்லும் பாட்டு. நண்பனை இழந்தவனுக்குப் பயமும் வேண்டுதலும் ஒன்றாகத்தான் வரும், இதை முரண்பாடு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

நாட்டின் மறுகரையில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு. அவர்களுடைய 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' 88-ன் ஆல்பமாகவே எண்ணப்படுகிறது. போலீஸைத் திட்டிய பாட்டுக்காக 1989 ஆகஸ்டில் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே அனுப்பினார். வானொலி பெரும்பாலும் ஒதுக்கியும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கதை படமாகவும் வந்துவிட்டது, எல்லோருக்கும் தெரியும். நான் பேச விரும்புவது தலைப்புப் பாட்டில் ஓடும் டிரம்ஸைப் பற்றி.

1969-ல் த வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'கலர் ஹிம் ஃபாதர்' என்றொரு பாட்டை வெளியிட்டது. பெரிய வெற்றி, கிராமியும் கிடைத்தது. அந்தத் தட்டின் மறுபக்கத்தை நிரப்பப் போட்ட வாத்தியப் பாட்டு 'ஆமென், பிரதர்'. அதில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஓடியதும் எல்லாரும் நிறுத்திவிட, கிரிகரி கோல்மன் மட்டும் டிரம்ஸ் வாசிப்பார், நான்கே சுற்று, ஆறேழு நொடி. என் கணினியில் அதைக் கால்வாசி வேகத்துக்கு இறக்கி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு சுற்றும் ஒரே மாதிரி, நேர் நடை. மூன்றாவதில் ஒரு ஸ்னேர் அடியை வேண்டுமென்றே தள்ளிப் போடுகிறார், கால் படி தவறின மாதிரி நமக்கு ஒரு திடுக். நான்காவதில் முதல் அடியே கிடையாது, வெறும் காலி, அந்தக் காலிக்குப் பிறகு குறுக்கும் நெடுக்குமாக அடிகள் விழுந்து, எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே சிம்பல் வெடிக்கிறது. யாரும் இதைக் கேட்பார்கள் என்று நினைத்து வாசித்ததாக எனக்குத் தோன்றவில்லை, தோழர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு மனிதர் சந்தோஷமாக விளையாடியிருக்கிறார், அவ்வளவுதான். அதைத்தான் காம்ப்டன் பையன்கள் மெதுவாக்கி, கனமாக்கி, அடியில் போட்டார்கள். அதன்பிறகு இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று இசை வகைகளே அந்த ஆறேழு நொடியின்மேல் எழுந்தன, பயன்படுத்திய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இன்னொருவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் ஜேம்ஸ் பிரவுனுக்காக வாசித்த 'ஃபங்கி டிரம்மர்'. பாட்டு ஐந்தரை நிமிடம் போனபிறகு, பிரவுன் மற்றவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு டிரம்மரை விடச் சொல்கிறார், சுமார் இருபது நொடி. ஸ்டபிள்ஃபீல்டின் இடது கை பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரில் சும்மா தடவுகிற மாதிரி சின்னச் சின்ன அடிகள் போடும், காதுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும். 'ரெபல்' பாட்டில் ஃப்ளேவர் ஃப்ளேவ் ஐந்து நிமிடம் கையால் தட்டியது இந்த இருபது நொடியைத்தான். 1988-ன் தட்டுகளில் பாதியில் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும், எங்கே திரும்பினாலும் அந்த இடது கை.

1988 ஆகஸ்ட் 6-ல் 'யோ! எம்டிவி ராப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது, நியூயார்க் தெருக்கள் அமெரிக்கா முழுக்கக் கூடத்துக்கு வந்துவிட்டன. அடுத்த பிப்ரவரியில் ராப்புக்கு முதல் கிராமி, ஜாஸி ஜெஃப்–ஃப்ரெஷ் பிரின்ஸ் ஜோடிக்கு. ஆனால் அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்றார்கள், அதனால் அவர்கள் விழாவுக்கே போகவில்லை. சரியான முடிவு.

பணம் பெரிதாக வந்ததும் வக்கீல்களும் வந்தார்கள். 88-ல் முதல் ஆல்பம் போட்டவர்களில் பிஸ் மார்க்கியும் ஒருவர், குழந்தை மனசுக்காரர். 1991-ல் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து துண்டெடுத்ததற்காக அவர்மேல் வழக்கு. நீதிபதி தீர்ப்பைத் தொடங்கியதே "களவு செய்யாதிருப்பாயாக" என்ற பைபிள் கட்டளையோடு. அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் காசு. ஒரே பாட்டில் பத்துத் துண்டை அடுக்கும் பாம் ஸ்குவாட் பாணி அதோடு கட்டுப்படியாகாமல் போனது. 1988 மாதிரி ஒரு ஆல்பத்தை அப்புறம் யாராலும் செய்ய முடியாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை.

ஆனால் நான் வருடக்கணக்காக மனதுக்குள் வாதாடிக்கொண்டிருப்பது வேறொன்று. களவு என்றால் யாருடைய பொருள் போனது? பாட்டை எழுதியவராகப் பதிவானவருக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஓர் உரிமை. டிரம்ஸ் வாசித்தவருக்கு அன்றைய கூலி. 'ஃபங்கி டிரம்மர்' ஜேம்ஸ் பிரவுனின் பெயரில்தான் இருக்கிறது, தலைப்பே அந்த டிரம்மரைப் பற்றியது என்றபோதும். ஆக, சட்டம் வருவதற்கு முன்னாலும் ஸ்டபிள்ஃபீல்டுக்கு ஒன்றுமில்லை, சட்டம் வந்தபிறகும் ஒன்றுமில்லை. அவர் விஸ்கான்சினில் மேடிசன் நகரில் உள்ளூர் மேடைகளில் வாசித்துக்கொண்டு வாழ்ந்தார். புற்றுநோய் வந்தபோது சத்தமில்லாமல் மருத்துவச் செலவை ஏற்றவர் பாடகர் பிரின்ஸ், அதுவும் பிரின்ஸ் இறந்தபிறகுதான் வெளியே தெரிந்தது. 2017 பிப்ரவரியில் ஸ்டபிள்ஃபீல்டு போய்விட்டார்.

நான் உயிராக நேசிக்கிற வருடம் இது, ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பையன்களும் பெயரையாவது அட்டையில் போட்டிருக்கலாம். தேடித் தேடித் தட்டு வாங்கியவர்கள், ஒரு அடியின் காற்றைக்கூடக் கவனித்தவர்கள், வாசித்தவர் யார் என்று கவனிக்காமல் விட்டார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன்.

கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில், வீடில்லாமல் இறந்தார். தன் ஆறேழு நொடி உலகத்தை என்ன செய்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதற்குக்கூடச் சான்றில்லை. வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996 வரை விஷயம் தெரியாது, தெரிந்தபோது வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டது. 2015-ல் இங்கிலாந்து டிஜேக்கள் இருவர் இணையத்தில் நிதி திரட்டி ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கையில் பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு அந்த வயதானவர் நன்றி சொன்னார்.

எங்கள் ஸ்டுடியோ கணினியில் டிரம்ஸ் துண்டுகளுக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு, யார் யாரோ சேர்த்துவைத்தது. அதில் அந்தத் துண்டு 'ஆமென்_01' என்று இருந்தது. போன மாதம் அதை 'கிரிகரி கோல்மன், 1969' என்று மாற்றினேன், அதற்குக் கீழே இருந்ததை 'கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு, 1969' என்று. மறுநாள் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து, "அண்ணா, அந்த ஆமென் ஃபைல் காணோமே, யாரு இந்த கோல்மன்?" என்று கேட்டான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி, துண்டை அல்ல, முழுப் பாட்டையும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன்.